சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா உட்காரும் பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

போன மாதம் நம் குழுவில் ஓடிய விவாதம் நினைவிருக்கும். நம்மிடம் படித்து இன்று தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, என் வகுப்பில் ஒரு பையன். நான் கணக்கைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறான். அப்புறம் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுகிறான். ஏதாவது செயலியைப் போட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிடலாமா?" அதற்குக் கீழே ஆளுக்கொரு செயலியின் பெயரை எழுதினீர்கள். செல்போனைக் கையில் கொடுத்தால் பையன் கெட்டுப்போவான் என்றார்கள் சிலர். என் தம்பி மகன் எல்லாருக்கும் மேலே போய், "ஏஐ வந்தாச்சு பெரியப்பா, இனி டீச்சரே வேண்டாம்" என்று முடித்துவைத்தான்.

நான் அன்று பதில் எழுதவில்லை. இந்தக் கேள்வியைச் செல்போன் வருவதற்கு ஐம்பது அறுபது வருடம் முன்பே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஓய்வுக்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

துறை மொழியில் இந்தப் பிள்ளைகள் 'மீத்திறன் மாணவர்கள்'. பாடக்குறிப்பில் மெல்லக் கற்போருக்குக் குறைதீர் கற்பித்தல் என்று ஒரு பத்தி இருக்கும். மீத்திறன் மாணவருக்கு ஒரே ஒரு வரி: 'கூடுதல் கணக்குகள் கொடுக்கப்படும்'. நான் பார்த்த எத்தனையோ குறிப்பேடுகளில் இந்த வரி எழுத்து மாறாமல் இருந்தது. பத்துக் கணக்கைச் சீக்கிரம் போட்டவனுக்குப் பரிசு இன்னும் பத்துக் கணக்கு! இரண்டாவது வாரத்திலேயே பையன் உஷாராகிவிடுவான். மெதுவாகப் போடப் பழகிக்கொள்வான். கெட்டிக்காரப் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் அதுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

1953 நவம்பர் 11. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஒரு பள்ளி. பி.எஃப்.ஸ்கின்னர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மகளின் நான்காம் வகுப்புக்குப் போகிறார்; தந்தையர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். பி.எட். படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. எலியையும் புறாவையும் பழக்கிய அதே ஸ்கின்னர். கணக்கு வகுப்பு நடக்கிறது. சில பிள்ளைகள் சட்டென்று முடித்துவிட்டு நெளிகிறார்கள். சில பிள்ளைகள் தொடங்கவே முடியாமல் விழிக்கிறார்கள். போட்டது சரியா தப்பா என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை. நாம் தினம் பார்ப்பதுதான். அவருக்கு அது தாங்கவில்லை. சில நாட்களுக்குள் வீட்டில் உட்கார்ந்து ஒரு கற்பிக்கும் பெட்டி செய்துவிட்டார். கேள்வி ஒரு சாளரத்தில் வரும். விடையை அமைத்துவிட்டுப் பிடியைத் திருப்ப வேண்டும். சரியாக இருந்தால் அடுத்த கேள்வி.

அவருக்கு முன்பே இதைச் செய்தவர் ஒருவர் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரெஸ்ஸி. 1920களிலேயே தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு சாதனம் செய்தார். நான்கு விடைகளில் சரியானதை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும். தேவையான அளவு சரியான விடைகள் வந்தால் மிட்டாய் விழும்படியும் ஓர் இணைப்பு வைத்திருந்தார்! அது வியாபாரத்தில் ஓடவில்லை. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது மிட்டாய் அல்ல. இதே பிரெஸ்ஸி 1949இல் 'கல்வி முடுக்கம்' பற்றி ஒரு நூல் எழுதினார். வேகமாகக் கற்கும் மாணவர்களைப் பள்ளியும் கல்லூரியும் விரைவாக மேலே போக விடலாம், அதனால் கேடில்லை என்று சான்றுகளோடு வாதாடும் நூல். முதல் கற்பிக்கும் இயந்திரத்தைச் செய்த மனிதர் இயந்திரத்தோடு நிற்காமல், பள்ளியின் கதவையும் தட்டினார் பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்தே வருவதை இனி அடிக்கடி பார்ப்போம்.

ஸ்கின்னரின் பெட்டி வேகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தது. பாதையைக் கொடுக்கவில்லை. எல்லாரும் அதே சின்னச் சின்னப் படிகளில்தான் ஏற வேண்டும். மூன்று மூன்று படியாகத் தாவக்கூடிய பிள்ளைக்கு அது இன்னொரு வகைச் சலிப்பு.

கணினி இங்கேதான் உள்ளே வருகிறது. 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் என்ற பொறியாளர் 'பிளேட்டோ' என்ற கணினிப் பாடமுறையைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஒரே ஒரு மாணவர்தான் உட்கார முடியும்! அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது வளர்ந்து நூற்றுக்கணக்கான முனையங்கள் கம்பி வழியே ஒரே பெரிய கணினியோடு இணைந்தன. தொட்டால் வேலை செய்யும் திரை அதில் 1972இலேயே இருந்தது. (பின்னாளில் நம் வீடுகளுக்கு வந்த பிளாஸ்மா டி.வி. இருக்கிறதே, அந்தத் திரை முதலில் இந்தப் பாடக் கணினிக்காகக் கண்டுபிடித்தது. 1964. எத்தனை பேருக்குத் தெரியும்?) அங்கே நடந்த வேடிக்கை என்னவென்றால், சுற்றுவட்டாரத்துத் துறுதுறு பிள்ளைகள் பாடம் படிப்பதற்கு மட்டும் அங்கே வரவில்லை. அந்தக் கணினியில் நிரல் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். 1973இல் அதில் 'நோட்ஸ்' என்ற செய்திப் பலகையை எழுதிய டேவிட் வூலிக்கு அப்போது 17 வயது. இன்றைய குழு விவாதங்களுக்கெல்லாம் மூத்த பாட்டன் அது.

இந்தக் கதையில் நான் அதிக நேரம் நின்று பார்த்த மனிதர் பேட்ரிக் சப்பெஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். தத்துவக்காரருக்கு ஒன்றாம் வகுப்புக் கணக்கில் என்ன வேலை? 1956இல் அவர் மகள் மழலையர் வகுப்பில் சேர்ந்தாள். குழந்தைகள் கணக்கை எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆர்வம் அதிலிருந்து வந்தது. ஸ்கின்னருக்கும் மகள், இவருக்கும் மகள். நம் பிள்ளை போய் உட்கார்ந்தால்தான் வகுப்பறை நம் கண்ணுக்குத் தெரிகிறது போலும்.

1960களின் தொடக்கத்தில் சப்பெஸும் அவரோடு பணியாற்றிய ஷெர்லி ஹில்லும் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கணிதத் தர்க்கம் கற்பித்தார்கள். கல்லூரியில் சொல்லித்தரும் பாடம். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றாம் வகுப்பில் வேகமாகக் கற்கும் சுமார் 40 குழந்தைகளைச் சில பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகும்படி விட்டார். பொறுக்கி எடுத்த பிள்ளைகள்தானே, ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவார்கள் என்றுதான் நாமும் நினைப்போம். போகவில்லை. சில வாரங்களிலேயே இடைவெளி விழுந்தது. மாதம் போகப் போக விரிந்தது.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். நம் ஊரில் 'ஏ செக்‌ஷன்' என்று ஒன்றை உருவாக்கி, நன்றாகப் படிப்பவர்களை அதில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் பள்ளிகள் எத்தனை! ஏ செக்‌ஷனுக்குள்ளும் காத்திருக்கும் பிள்ளை ஒன்று உண்டு.

40 பேர், 40 வேகம். ஓர் ஆசிரியை எப்படிச் சமாளிப்பார்? சப்பெஸ் கணினிக்குப் போன காரணம் இதுதான். 1963இல் ரிச்சர்டு அட்கின்சனோடு சேர்ந்து ஸ்டான்ஃபோர்டில் கணினிவழிக் கற்பித்தல் ஆய்வைத் தொடங்கினார். 1965இல் ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பறையில் டெலிடைப் இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். தந்தி அலுவலகத்தில் 'டக டக' என்று காகிதத்தில் அடிக்குமே, அந்த ஜாதி. அங்கிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஸ்டான்ஃபோர்டின் கணினிக்குத் தொடர்பு. ஆக, இணையம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே இணையவழிக் கணக்கு வகுப்பு நடந்திருக்கிறது. பிள்ளைகள் முறை வைத்துப் போய்ச் சில நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு வருவார்கள். நேற்றுப் போட்டது நன்றாக இருந்தால் இன்று ஒரு படி கடினமான கணக்கு. தடுமாறியிருந்தால் ஒரு படி எளிய கணக்கு. இன்று செயலிக்காரர்கள் ஏதோ புதுசு போல விளம்பரப்படுத்துகிறார்களே, அதன் அடிப்படை இவ்வளவுதான். 60 வருடப் பழசு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சப்பெஸுக்கு அநியாயம் செய்தவனாவேன். அவர் வசதியான பிள்ளைகளோடு நிற்கவில்லை. அதே கணக்குப் பயிற்சியைத் தொலைபேசிக் கம்பியில் மிசிசிப்பி மாநிலத்தின் மெக்கோம்ப் என்ற சிற்றூருக்கும் கொண்டுபோனார். ஏழ்மையான பகுதி, கறுப்பினத்தார் உரிமைக்காகப் போராடி அடியும் குண்டும் வாங்கிய ஊர். அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்த முன்னேற்றம் கலிஃபோர்னியாவில் கிடைத்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே எல்லாம் இருக்கும் இடத்தில் ஒரு கருவி சேர்க்கும் பலன் கொஞ்சம்தான், ஒன்றும் இல்லாத இடத்தில் அது நிறைய. நாங்கள் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1966இல் ஓர் அறிவியல் இதழில் சப்பெஸ் எழுதிய கட்டுரை பெரிய புகழ் பெற்றது. மாசிடோனிய மன்னன் பிலிப்பின் மகன் அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் என்ற தனி ஆசான் வாய்த்தார். இன்னும் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி மூலம் அப்படிப்பட்ட ஆசான் கிடைப்பார் என்பது அவர் கணிப்பு. என் தம்பி மகன் போன மாதம் சொன்னதும் இதே வசனம்தான். அவனுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டுப் போனவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த உவமையில் ஒரு சங்கதி விட்டுப்போயிருக்கிறது. அலெக்சாண்டர் தனியாக உட்கார்ந்து படிக்கவில்லை. மியேசா என்ற இடத்தில் மற்ற பிரபுக்களின் பிள்ளைகளோடு சேர்ந்துதான் அரிஸ்டாட்டிலிடம் படித்தான். இளவரசனுக்கே வகுப்புத் தோழர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சப்பெஸிடம் திரும்ப வருவோம்.

இப்போது அமெரிக்காவின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு. பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். 1968 கோடை விடுமுறையில் அங்கே ஒரு கணினி வகுப்பு. ஜோசப் பேட்ஸ் என்ற சிறுவன் வந்து உட்கார்ந்து, பெரியவர்களுக்கே புரியாததையெல்லாம் ஊதித் தள்ளுகிறான். சொல்லிக்கொடுத்த ஆசிரியை டோரிஸ் லிட்கே அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். ஸ்டான்லி தேர்வுகளை அளந்து ஆராய்வதில் நிபுணர். அவர் ஒரு காரியம் செய்தார். எட்டாம் வகுப்புப் பையனுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வை வைக்காமல், பள்ளி முடிப்பவர்கள் கல்லூரியில் சேர எழுதும் 'சாட்' தேர்வை 1969 ஜனவரியில் வைத்தார்.

ஏன் என்று கேட்டால், நம் அன்றாட அனுபவமே விடை. ஐந்தடி அளவுகோலை வைத்து ஆறடி ஆளை அளந்தால் ஐந்தடி என்றுதான் வரும். வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் அந்த நூறோடு நிற்பவன், இன்னொருவன் அதற்கு மேல் எவ்வளவு தூரம் போவான் என்று யாருக்கும் தெரியாதவன். இரண்டு பேருக்கும் ராங்க் கார்டில் ஒரே எண்தான்.

பேட்ஸின் மதிப்பெண் ஸ்டான்லியையே திகைக்க வைத்தது. மேல் வகுப்புப் பாடங்களைப் படிக்க அவனை அனுமதியுங்கள் என்று உள்ளூர்ப் பள்ளிகளைக் கேட்டுப் பார்த்தார். ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பல்கலைக்கழகமே அவனை 13 வயதில் சேர்த்துக்கொண்டது. 17 வயதில் கணினி அறிவியலில் முதுகலைப் பட்டமும் வாங்கிவிட்டான். பின்னாளில் பேராசிரியராகவும் ஆனார்.

இந்த ஒரு பையன்தான் ஸ்டான்லியை மாற்றினான். 1971இல் கணிதத்தில் முதிர்ச்சி பெற்ற சிறுவர்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். 1972 மார்ச்சில் பால்டிமோர் பகுதியைச் சேர்ந்த சுமார் 450 பிள்ளைகளுக்கு அதே கல்லூரி நுழைவுத் தேர்வு. அந்த ஆண்டுக் கோடையில் ஜோசப் உல்ஃப்சன் என்ற ஆசிரியர் ஒரு சிறு குழுவுக்கு வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பாடம் எடுக்கத் தொடங்கினார். பள்ளி நாலு வருடத்துக்கு மேல் நீட்டி முழக்கும் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாவற்றையும் அதில் தாக்குப்பிடித்த பிள்ளைகள் ஒரு வருடத்துக்குச் சற்று மேலே முடித்தார்கள். கணினி கிடையாது. சாக்பீஸ்தான்.

ஸ்டான்லியின் முறை மிக எளியது. முதலில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தெரியாததை மட்டும் சொல்லித்தர வேண்டும். தெரிந்ததைத் திரும்பவும் உட்கார்ந்து கேட்க வைக்கக் கூடாது. அவ்வளவுதான்! இன்று கல்விச் செயலிகள் எல்லாம் முதல் நாள் ஒரு சோதனைத் தேர்வு வைக்கின்றனவே, அதன் வேர் இங்கே. என் அபிப்பிராயத்தில், மீத்திறன் பிள்ளைக்குக் கணினி செய்யும் ஆகப் பெரிய உதவி பாடம் நடத்துவது அல்ல; 'இதை இவனுக்கு நடத்த வேண்டாம்' என்று ஆசிரியருக்குச் சொல்வதுதான். போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் நாற்பது நோட்டைத் திருத்தும் ஆசிரியரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் ஒரு சின்னக் கிளைக்கதை. 1968இல் சியாட்டில் நகரின் லேக்சைடு பள்ளியில் மாணவர்களின் அம்மாக்கள் பழைய பொருள்களை விற்ற பணத்தில் ஒரு டெலிடைப் இயந்திரத்தையும் கணினி நேரத்தையும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அறையே கதியென்று கிடந்த பையன்களில் ஒருவர் பில் கேட்ஸ். பள்ளி அவருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தது: எந்த மாணவன் எந்த நேரம் எந்த வகுப்பில் என்று கால அட்டவணை போடும் நிரல் எழுதுவது. இப்போது நம் கும்பகோணத்துக்கு வாருங்கள். அதற்கு எழுபது வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலம் முன்பு, டவுன் ஹைஸ்கூலில் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் பள்ளியின் கால அட்டவணை போடும் தலைவலியை ஒரு மாணவனிடம் ஒப்படைத்தார். அந்த மாணவன் ராமானுஜன். இரண்டு கண்டம், இரண்டு காலம், ஆனால் ஆசிரியர்களுக்குத் தோன்றிய யோசனை ஒன்றே. கூடுதலாகப் பத்துக் கணக்குக் கொடுக்காமல், யாரும் இதுவரை போடாத ஒரு நிஜக் கணக்கைக் கொடுத்தார்கள்.

அதே ராமானுஜனின் அடுத்த அத்தியாயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய கார் என்பவரின் புத்தகம் 1903 வாக்கில் கைக்குக் கிடைத்தது. அவருக்கு அதுவே இணையம். கல்லூரி உதவித்தொகையும் கிடைத்தது. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. கருவி கிடைத்த பிள்ளைக்கு அட்டவணை வளைந்து கொடுக்கவில்லை.

சப்பெஸிடம் திரும்புவோம். 1980களின் நடுவில் அவர் குழு, கால்குலஸ் நடத்த ஆசிரியர் இல்லாத உயர்நிலைப் பள்ளிகளுக்காகக் கணினிப் பாடம் ஒன்றை உருவாக்கியது. 1990களின் தொடக்கத்தில் அது வயதில் சிறிய மீத்திறன் பிள்ளைகளுக்கான தனித் திட்டமாக மாறியது. பாடங்கள் வட்டுகளில் வீட்டுக்கு வரும். திரையில் எழுத்து எழுத எழுத, கூடவே ஆசிரியரின் குரல். சந்தேகம் என்றால் தொலைபேசி, மின்னஞ்சல். கிராமத்திலோ தீவிலோ இருக்கும் பிள்ளையும் தன் வயதுக்கு நாலு வருடம் முந்திய பாடத்தைப் படிக்கலாம் (பணம் கட்ட முடிந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்).

2006இல் அந்தத் திட்டத்திலிருந்தே ஸ்டான்ஃபோர்டின் இணைய உயர்நிலைப் பள்ளி பிறந்தது. முதல் ஆண்டு சுமார் 30 மாணவர்கள். இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்பது வருடமாக 'ஒவ்வொரு பிள்ளையும் தனியாகத் தன் வேகத்தில்' என்று உழைத்தவர்கள் கட்டிய பள்ளியில் என்ன இருக்கிறது தெரியுமா? குறித்த நேரத்தில் எல்லாரும் திரையில் கூடும் வகுப்பு. ஆசிரியர் நேரலையில் வந்து விவாதம் நடத்துகிறார், பிள்ளைகள் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார்கள். தத்துவம் கட்டாயப் பாடம்! வகுப்பறையிலிருந்து பிள்ளையை விடுவிக்கக் கிளம்பிய இயந்திரம் கடைசியில் ஒரு வகுப்பறையைத்தான் கட்டியது. ஒரே வேறுபாடு, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனும் அதே அளவு பசியோடு இருக்கிறான். மியேசா ஞாபகம் வருகிறதா?

ரிச்சர்டு ருஸ்சிக் 2003இல் தொடங்கிய 'ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங்' தளமும் அப்படித்தான். ஒலிம்பியாட்டுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். அங்கே இணைய வகுப்பில் முகமும் இல்லை, குரலும் இல்லை, எல்லாம் எழுத்துதான். இருந்தும் பிள்ளைகள் மொய்க்கிறார்கள். ஊரில் தன்னைப்போல் ஒருவனும் இல்லாத பிள்ளைக்கு அங்கே நூறு பேர் கிடைக்கிறார்கள்.

கான் அகாடமி கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2004இல் பாஸ்டனில் வேலை பார்த்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த 12 வயது உறவுப் பெண் நாடியாவுக்குத் தொலைபேசியிலும் கணினியிலும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பலர் கவனிக்காத விஷயம், அந்தப் பெண் மந்தமானவள் அல்ல. பள்ளியின் தரம் பிரிக்கும் தேர்வில் அலகு மாற்றம் என்ற ஒரு சின்னப் பகுதி உதைத்தது. அதனால் மெதுவான வகுப்புக்குப் போக வேண்டியதாயிற்று. அடி, அங்குலத்தில் விழுந்த ஓட்டை, கால்குலஸ் வரை போகும் கதவையே மூடப் பார்த்தது. ஓட்டையை அடைத்ததும் மறுபடி தேர்வு எழுதி மேலே போனாள். இப்படி மெல்லக் கற்போர் பட்டியலில் மாட்டிக்கொண்ட மீத்திறன் பிள்ளைகள் நம் பள்ளிகளில் எத்தனை பேர் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு 2010இல் லாஸ் ஆல்டோஸ் ஊர்ப் பள்ளிகளில் சில ஐந்தாம், ஏழாம் வகுப்புகளில் இதை வகுப்பறைக்கே கொண்டுவந்தார்கள். யார் எங்கே நிற்கிறார் என்று ஆசிரியர் ஒரே திரையில் பார்க்கலாம். வகுப்பு நடக்கும்போதே பார்த்து, தேவையான பிள்ளையிடம் போய் உட்காரலாம்.

நம் ஊரில் கணினி இல்லாமலேயே இதற்குப் பக்கத்தில் போனோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் அவர்கள் முயற்சியில் செயல்வழிக் கற்றல் வந்தது. ரிஷி வேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து உருவாக்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. சுவரில் ஏணிப்படி, கையில் அட்டை. முடித்த பிள்ளை அடுத்த அட்டைக்குப் போகலாம். அட்டையைத் தேடியே பாதி நேரம் போகிறது என்று அலுத்துக்கொண்ட ஆசிரியர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் 'அவன் முடிக்கும்வரை நீ இரு' என்ற வாக்கியத்துக்கு அந்த முறையில் இடமில்லை. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க வந்த நல்ல திட்டம் அது. மலர் என்றால் அந்த வகுப்புக்குரிய நிலை. அதற்கு மேல் போன குழந்தைக்கு என்ன பெயர் என்று நான் ஒரு பயிற்சிக் கருத்தாளரைக் கேட்டேன். சிரித்தார்.

கடைசியாக மங்கோலியா. 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) தன் இரண்டாம் ஆண்டு மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. நடத்தியவர் அனந்த் அகர்வால். நம் ஐஐடி மெட்ராஸில் படித்தவர். உலகம் முழுவதிலிருந்தும் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். முடித்துத் தேறியவர்கள் ஏழாயிரம் சொச்சம். முழு மதிப்பெண் 340 பேர். அதில் ஒருவன் உலான்பத்தோர் நகரத்துப் பள்ளி மாணவன், 15 வயது பத்துஷிக்.

உலகப் பத்திரிகைகள் இதை 'இணையம் கண்டெடுத்த மேதை' என்ற பாணியில் எழுதின. முழுக்கதை வேறு. அந்தப் பள்ளியின் முதல்வர் எங்முங், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். இந்தப் பாடம் வருகிறது என்றதும் இருபது பிள்ளைகள் சேர்ந்து படிக்க அவர் பள்ளியிலேயே ஏற்பாடு செய்தார். திரையில் மின்சுற்றைப் பார்த்தால் போதாது, கையால் கட்ட வேண்டும் என்று ஸ்டான்ஃபோர்டிலிருந்து டோனி கிம் என்பவரை வரவழைத்து, செய்முறைக்கூடம் நடத்த வைத்தார். பத்துஷிக் பாடம் படிப்பதோடு நிற்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்காக மங்கோலிய மொழியில் விளக்க வீடியோக்கள் போட்டான். வீட்டுப் பக்கம் விளையாடும் தங்கை மீது கார் மோதிவிடக் கூடாதே என்று, கார் வெளியே வருவதற்குமுன் ஒலிக்கும் ஒரு எச்சரிக்கை மணி செய்தான். பிறகு எம்.ஐ.டி.யிலேயே சேர்ந்தான்.

ஒன்றரை லட்சம் பேருக்கும் வீடியோ ஒன்றுதான், தேர்வு ஒன்றுதான். அந்தப் பையனுக்கு மட்டும் பள்ளியில் பாடவேளை ஒதுக்கிக் கொடுத்தார்கள், கையில் சாலிடரிங் இரும்பு கொடுத்தார்கள், கூட 19 பேரை உட்கார வைத்தார்கள். தம்பி மகனே, ஏஐ ஆகட்டும், அதற்கடுத்து வரப்போவது ஆகட்டும், லிட்கே அம்மாள் செய்தது போல ஒரு பையனைப் பார்த்துவிட்டு எழுந்து போய் இன்னொருவரிடம் சொல்ல அதற்குத் தெரியட்டும்; அப்புறம் டீச்சர் வேண்டுமா வேண்டாமா என்று நாம் பேசலாம்.

கேள்வி கேட்ட என் மாணவிக்கு: செயலி தாராளமாகக் கொடம்மா. ஆனால் அதற்குமுன் அந்தப் பையனுக்கு இரண்டு வகுப்பு மேலே உள்ள ஆண்டுத் தேர்வு வினாத்தாளை ஒரு மதிய வேளையில் போட்டுப் பார்க்கச் சொல். அவன் எங்கே நிற்கிறான் என்பது உனக்குத் தெரியும். பிறகு கணக்குப் பாடவேளைக்கு மட்டும் அவனை மேல் வகுப்பில் உட்கார விட முடியுமா என்று உன் தலைமையாசிரியரிடம் கேள். ஹை-டெக் லேப் இருக்கும் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அவனைப் போல இன்னொருவனும் அங்கே இருப்பான்.

உங்களில் யாருக்காவது பள்ளி நாட்களில் இப்படி ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்திருந்தால், எந்த வகுப்பு, எந்தப் பாடம், யார் அனுமதித்தார்கள் என்று கீழே எழுதுங்கள். இப்போது ஆசிரியர்களாக இருக்கும் நம் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேராவது இதைப் படிப்பார்கள்.